கற்றாழைக்கு ஊசி போட்ட நாத்தனார்

சந்தேகம் மற்றவர்களுக்கு வரும், போகும். என்னிடம் வந்தது வாடகைகூடக் கொடுக்காமல் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. பொட்டலம் கட்டிக் கொடுத்த நாசி லெமாச் சோற்றைக் கடை வாசலிலேயே பிரித்து, முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறுவேன். தேவாலயத்தில் என் கல்யாணம் நடந்தபோது, "இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று பாதிரியார் கேட்டார். கூட்டத்தில் முதலில் திரும்பிப் பார்த்தது மணப்பெண்தான். (என் கணவர் சேவியர் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவார். நான் சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான் பார்த்தேன்.)

குற்றம் முழுவதும் என்னுடையதல்ல. அப்பா அரசாங்கத்தில் கணக்குத் தணிக்கை வேலை பார்த்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஈப்போவில் வேரூன்றிய குடும்பம் எங்களுடையது. சந்தையில் நிறுத்து வாங்கிய மீனை அப்பா வீட்டுக்கு வந்து மறுபடியும் நிறுப்பார். அந்த வீட்டில் வளர்ந்தவள் யாரை நம்புவாள்?

இந்தக் குணத்தால் நான் பட்ட அவமானங்களைத் தனியாகவே எழுதலாம். ஆனால் என் சொந்த நாத்தனாரை, ஒரு வெளிநாட்டுக் கொள்முதல் அதிகாரியின் முன்னால், செடிக்கு ஊசி போட்டவள் என்று குற்றம் சாட்டிய அந்த ஒரு நாளுக்கு மற்றதெல்லாம் ஈடாகாது.

நடந்ததைச் சொல்லும் முன், என் படிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் நான் எவ்வளவு பெரிய மண்டு என்பது விளங்கும். நான் தாவரவியல் பட்டதாரி. பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு, ஒளிச்சேர்க்கை செய்யும் உயிரினங்களின் உடலியல் என்று ஒரு பாடம் இருந்தது. குளத்துப் பாசியிலிருந்து தென்னை மரம் வரை, பச்சையாக இருப்பதெல்லாம் எப்படி மூச்சு விடுகிறது, எப்படி வெயிலைச் சாப்பாடாக்குகிறது என்பதுதான் அது. அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் ஆள் நான்தான். முடித்த கையோடு ஈப்போவில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் போய் உட்கார்ந்தேன். (நம்ம ஊர்ல தாவரவியல் படிச்சவங்க எல்லாம் வங்கியிலதான் வேர் விடுறாங்க.) கடன் கேட்டு வருகிறவர்களைச் சந்தேகப்படுவதற்கு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். அதைவிடப் பொருத்தமான வேலை எனக்கு எங்கே கிடைக்கும்?

அப்படிப்பட்ட வேலையைக் கெடுத்தது ஒரு பயிலரங்கு. ஈப்போவில் ஒரு ஹோட்டலில், நாட்டின் ஏற்றுமதியை வளர்ப்பது எப்படி என்று நாள் முழுவதும் பேசினார்கள். வங்கி சார்பில் என்னை அனுப்பியிருந்தார்கள். பாமாயிலையும் ரப்பரையும் மட்டுமே நம்பி எத்தனை காலம் ஓட்டுவது, சின்ன நிலத்தில் விளைவதையும் பக்குவம் செய்து, போத்தலில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டாமா என்று ஒரு அதிகாரி மேசையைத் தட்டிக் கேட்டார். அரங்கில் இருந்த அத்தனை பேரும் கறிபாப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும், நாடு என்னைப் பார்த்துத்தான் கேட்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

நிலம் கைவசம் இருந்தது. என் கணவர் சேவியரின் குடும்பம், பத்து காஜா ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய, அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்த குடும்பம். தோட்டத்தை விற்று, மரங்களைச் சாய்த்து, பாதியில் பாமாயில் தரும் செம்பனையும் பாதியில் வரிசை வீடுகளும் வந்தபோது, இவர்கள் ஓரமாக ஒரு துண்டு நிலத்தை வாங்கிப் போட்டிருந்தார்கள். அதில் சேவியரின் அக்கா பிலோமினா குடியிருந்தார். தலைமுடிக்கு என்று அவர் நட்ட நாலு கற்றாழை, குட்டி போட்டுக் குட்டி போட்டு நிலம் முழுக்கப் பரவியிருந்தது.

பிலோமினா அக்காவின் குரல், நாலு வரிசை மரம் தாண்டி நிற்கிறவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல். சமையலறையில் உப்பு கேட்டாலும் அதே அளவில்தான் கேட்பார். என்னை அவர் எப்போதும் 'படிச்ச புள்ள' என்றுதான் சொல்வார். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று கல்யாணமான நாளிலிருந்து எனக்குச் சந்தேகம்.

முதல் மாதிரியை நானே தயாரித்தேன். அது ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் நான் எழுந்திருப்பதே பத்து மணிக்கு மேல். குளித்து, சாப்பிட்டு, சேவியரோடு ஒரு சின்னச் சண்டையும் போட்டு முடித்து நிலத்துக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம் நாலு மணி ஆகிவிட்டது. அக்கா தேவாலயத்தில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். நானே வெட்டி, கழுவி, தோலைச் சீவி, உள்ளே இருக்கும் கண்ணாடி மாதிரியான சோற்றை அரைத்துப் போத்தலில் அடைத்து அனுப்பினேன்.

அதை வாங்கிக்கொண்டவர் மிஸ் லிம். பினாங்கில் பிறந்து சிங்கப்பூரில் குடியேறியவர். கற்றாழைப் பானம் செய்து ஜப்பானுக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றுக்குச் சரக்கு எடுப்பது அவர் வேலை. ஒரே வாரத்தில் பதில் வந்தது: "சுவை மென்மையாக இருக்கிறது. துளிகூடப் புளிப்பு இல்லை. இதே தரத்தில் கொடுக்க முடிந்தால் தொடர்ந்து எடுத்துக்கொள்கிறோம்."

நான் மறுநாளே வங்கியில் ராஜினாமா கொடுத்தேன்.

"ஒரு போத்தல் ஜூஸுக்கு வேலய விட்டுட்டியா ராஜி?" என்று சேவியர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஜூஸ் இல்ல சேவியர். ஏற்றுமதி," என்றேன்.

அதே வேகத்தில் பெயர் அட்டைகளும் அடித்துவிட்டேன். எனக்கு 'ஏற்றுமதி இயக்குநர்'. பிலோமினா அக்காவுக்கு 'அறுவடை மேற்பார்வையாளர்'. அக்கா அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"நீ தொரை, நான் கங்காணியா?" என்று கேட்டார். பிறகு அட்டையை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் செருகினார். மேசை ஆடுவது நின்றது. என் மனத்தில் ஒன்று ஆடத் தொடங்கியது.

இரண்டாவது மாதிரி, முறையான உற்பத்தி. அக்காவும் அவரோடு முன்பு பால் வெட்டிய தோழிகள் இரண்டு பேரும் பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். விடியும் முன்பே அக்கா வாசலில் நின்று பெரட்டுக்குக் கூப்பிடுவார். தோட்டத்தில் காலையில் ஆளெடுக்கும் அந்தப் பெரட்டு நின்று எத்தனையோ வருடமாகியும், இவர் நிறுத்தவில்லை. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மூவரும் ஆளுக்கொரு நிரை பிடித்து, சூரியன் எட்டிப் பார்ப்பதற்குள் வெட்டி முடித்துவிடுவார்கள்.

"இவ்வளவு சீக்கிரம் எதுக்குக்கா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"வெயில் ஏறிட்டா பால் நின்னுரும்லா. இதுகூடத் தெரியாதா?"

அது ரப்பர் மரத்துக்கல்லவா என்று நான் கேட்கவில்லை. மாறாக, அந்த ஒழுக்கத்தைப் பார்த்துப் பூரித்துப்போனேன். 'எங்கள் மூலப்பொருள் அதிகாலையின் குளிர்ச்சியில் அறுவடை செய்யப்படுகிறது' என்று மிஸ் லிம்முக்குப் பெருமையாக எழுதியும் அனுப்பினேன்.

பதில் வந்தது: "மிகவும் புளிக்கிறது. எலுமிச்சை ஏதும் சேர்த்தீர்களா? கலப்படம் எங்களுக்கு ஆகாது."

மூன்றாவது மாதிரியும் அதே புளிப்பு. இந்த முறை கடிதம் சுருக்கமாக இருந்தது. தானே நேரில் வந்து பார்ப்பதாகவும், அன்றைக்கும் புளித்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தார். வேலையை விட்டாயிற்று. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த ஒரு ஆர்டர் போனால், நான் ஒரு போத்தல் ஜூஸுக்காக வங்கி வேலையை விட்டவளாகவே சாக வேண்டியதுதான்.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒருவரையொருவர் நம்புவது அடியோடு நின்றுபோனது. விலையைக் குறைக்கத்தான் மிஸ் லிம் புளிப்பு என்று கதை விடுகிறார் என்றார் சேவியர். பக்கத்துச் செம்பனைக்காரன் போடும் உரம் மண்ணில் ஊறி வந்திருக்கும் என்று அக்காவின் தோழிகள் சொன்னார்கள். அக்கா நேராக என்னையே கேட்டார்.

"ஒன் அரைக்கிற மெஷின்ல மாங்கா கீங்கா அரைச்சியா? கழுவுனியா இல்லியா?"

எனக்குச் சுருக்கென்றது. குற்றவாளிதான் முதலில் அடுத்தவரைக் கைகாட்டுவான் என்பது கடன் பிரிவில் நான் கற்ற பாடம். அன்றிலிருந்து அக்காவைக் கவனிக்கத் தொடங்கினேன். கவனித்தால் எல்லாமே தடயமாகத்தான் தெரிந்தது. கற்றாழை உரிக்கும் கொட்டகைக்குப் பின்னாலேயே ஓர் எலுமிச்சை மரம். கொட்டகைக் குப்பையில் பிழிந்த எலுமிச்சைத் தோல். அக்கா கையை நீட்டினால் எலுமிச்சை வாசம். மேசைக் காலுக்கு அடியில் நாலாக மடித்த பெயர் அட்டை. சான்றும் இருந்தது, காரணமும் இருந்தது.

என் பழைய கைப்பேசியைக் கொட்டகைக் கூரையில் ஒளித்துவைத்துப் படம் பிடித்தேன். பெரும்பாலும் ஒரு கோழிதான் விழுந்திருந்தது. அது இங்கிருந்து அங்கே போனது, அங்கிருந்து இங்கே வந்தது. கடைசியில், கைப்பேசி அணைவதற்குச் சற்று முன்பு, பிலோமினா அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஓர் எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுப்பது தெளிவாகத் தெரிந்தது. (சுத்துமுத்தும் பாத்தது கோழியத் தேடித்தான்னு பின்னாடி தெரிஞ்சது. அப்ப யாரு யோசிச்சா?)

அதோடு விட்டேனா? படித்தவள் இல்லையா, விஞ்ஞானப்பூர்வமாக நிரூபிக்க வேண்டும் அல்லவா? மீன்தொட்டிக் கடையில், தண்ணீரின் புளிப்பைக் காட்டும் நிறம் மாறும் காகிதம் வாங்கினேன். அக்கா காலையில் வெட்டிய சோற்றில் தொட்டால், புளிப்பு என்று காட்டியது. அதே நிரையில், அதே செடியில், சாயங்காலம் நான் போய் வெட்டித் தொட்டால், அவ்வளவு புளிப்பில்லை. மறுநாளும் அதே முடிவு. அதற்கடுத்த நாளும் அதே. அக்கா வெட்டினால் புளிக்கிறது, நான் வெட்டினால் புளிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாறியிருப்பது வெட்டும் கை ஒன்றுதான் என்று முடிவு கட்டினேன். மாறியிருந்த இன்னொன்று தலைக்கு மேலே பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. நான் அண்ணாந்து பார்க்கவில்லை.

சேவியரிடம் மட்டும் சொன்னேன்.

"எங்கக்காவா? அவங்களுக்கு ஒன்னப் புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிருவாங்க ராஜி. எலுமிச்சம்பழம்லாம் தேட மாட்டாங்க," என்றார்.

எனக்கு உடனே சேவியர் மேலும் ஒரு சந்தேகம் வந்தது.

மிஸ் லிம் வரும் நாள் வந்தது. காலை எட்டரை இருக்கும். தொப்பியும் ஓட்டக் காலணியுமாக, சிரித்த முகத்தோடு காரிலிருந்து இறங்கினார். கொட்டகையில் புத்தம் புதுசாக உரித்த கற்றாழைச் சோறு வாளி நிறைய மினுங்கிக்கொண்டிருந்தது. அக்கா ஞாயிற்றுக்கிழமைச் சேலையைக் கட்டிக்கொண்டு, ஒரு கிண்ணத்தில் அள்ளி மரியாதையாக நீட்டினார். மிஸ் லிம் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனார்.

"நிறுத்துங்கள்!" என்று கத்தினேன்.

எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று இன்னும் எனக்குத் தெரியாது. மேலே உத்தரத்தில் இருந்த கோழி பறந்தே போய்விட்டது. இந்த வாளியில் கலப்படம் நடந்திருக்கிறது, செய்தவர் இங்கேயேதான் இருக்கிறார், என்னிடம் ஆதாரம் உண்டு என்று ஆங்கிலத்தில் அறிவித்தேன். பிறகு அக்கா பக்கம் திரும்பினேன்.

"அக்கா, கையக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்கக்கா."

அக்கா இரண்டு கையையும் நீட்டினார். நான் மோந்து பார்த்தேன். மிஸ் லிம்மையும் மோந்து பார்க்கச் சொன்னேன். பாவம், அவரும் குனிந்து மோந்தார்.

"லெமன்," என்றார்.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்று வெற்றியோடு கேட்டேன்.

அக்காவுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. முகம் சிவந்துவிட்டது.

"அடிப்பாவி! இந்த மஞ்சப் பாலு கையில பட்டா அரிச்சுத் தள்ளுதுன்னு எலுமிச்சங்காயத் தேச்சுக் கழுவுறேன். ஒன் யாவாரத்துல கொண்டு போயி நான் புளிஞ்சு விட்டேன்னா சொல்ற? எந்தம்பி பொண்டாட்டி பொழப்புல நானே மண்ணள்ளிப் போடுவேனா?"

அவர் குரல் செம்பனைக் காட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. சேவியர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் உதறினேன்.

"அப்ப நீயே வெட்டு. எங்கையி படாம, நீயே வெட்டி அந்தம்மா வாயில வையி. பாப்போம்," என்றார் அக்கா.

இதைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். கத்தியைத் துடைத்துக்கொண்டு போய், முதல் நிரையில் ஒரு கொழுத்த மடலை வெட்டி, அங்கேயே சீவி மிஸ் லிம்முக்கு ஒரு துண்டு கொடுத்தேன். நானும் ஒரு துண்டை வாயில் போட்டேன்.

புளித்தது. சாதாரணப் புளிப்பல்ல, ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும் புளிப்பு.

அறிவுள்ள எவளும் அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருப்பாள். எனக்கோ சந்தேகம் இன்னும் ஒரு படி மேலே ஏறியது. என் கையால் வெட்டியதே புளிக்கிறது என்றால், வெட்டுவதற்கு முன்னாலேயே, செடியில் இருக்கும்போதே வேலையைக் காட்டியிருக்கிறார்கள்!

"ஊசி!" என்றேன். "ஊசி போட்டு எலுமிச்சஞ்சாற உள்ளுக்கு ஏத்தியிருக்கீங்க!"

அக்கா மிஸ் லிம் பக்கம் திரும்பி, சந்தை மலாயில் முறையிட்டார்.

"ஜாரும், மிஸ்! டியா காத்தா சாயா பாக்காய் ஜாரும்!" ஊசியாம், நான் ஊசி போட்டேனாம் என்று நியாயம் கேட்டார். மிஸ் லிம்முக்கு மலாய் தெரியும் என்பதை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

நான் மண்டியிட்டு, மடல் மடலாகத் திருப்பி ஊசி ஓட்டை தேட ஆரம்பித்தேன். பட்டதாரி அவ்வளவு உறுதியாகத் தேடுவதைப் பார்த்து மிஸ் லிம்மும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் தேடினார். ஓட்டை எதுவும் அகப்படவில்லை. இந்த நிரையில்தான் போட்டிருப்பார்கள், அடுத்த நிரையில் விட்டிருப்பார்கள் என்று அடுத்ததற்குப் போய் வெட்டிக் கடித்தேன். புளிப்பு. அதற்கடுத்த நிரை, வேலியோரம், எலுமிச்சை மரத்துக்கு எதிர்ப்பக்கம், எல்லா இடத்திலும் வெட்டி வெட்டிக் கடித்தேன். அவசரத்தில் கழுவவும் இல்லை, தோலுக்கடியில் கசியும் அந்த மஞ்சள் பாலை வழித்து எடுக்கவும் இல்லை. அத்தனையும் புளிப்பு. அத்தனையும் என் வயிற்றுக்குள்.

கற்றாழையின் மஞ்சள் பால் எதற்குப் பேர் போனது என்று தாவரவியல் பட்டதாரிக்குத் தெரியாதா? தெரியும். நாட்டு வைத்தியர்கள் அதை மலச்சிக்கலுக்குத் துளித்துளியாகக் கொடுப்பார்கள். நான் துளிக்கணக்கு பார்க்கவில்லை.

பதினொரு மணி வாக்கில் வயிறு முதல் எச்சரிக்கை கொடுத்தது. இரண்டாவது எச்சரிக்கை கொடுக்க அதற்குப் பொறுமை இல்லை. அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு கழிப்பறை. அது பிலோமினா அக்காவின் வீட்டில் இருந்தது. வாசற்படியில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா… கக்கூஸ்…" என்றேன்.

அக்கா நகர்ந்து வழி விட்டார்.

"போ. உள்ளார ஊசி கீசி இருக்கான்னு நல்லாப் பாத்துட்டு ஒக்காரு," என்றார்.

அங்கே நான் கழித்த நேரத்தை விவரிக்க விரும்பவில்லை. மனிதருக்கு ஞானம் எங்கெங்கோ வருகிறது. எனக்கு அங்கேதான் வந்தது. குமட்டலும் வேர்வையுமாகச் சுவரில் சாய்ந்திருந்தபோது, எந்தச் சம்பந்தமும் இல்லாமல் பல்கலைக்கழகத் தேர்வு மண்டபம் நினைவுக்கு வந்தது. ஒரு கேள்வி: வறண்ட நிலத்துத் தாவரங்கள் தண்ணீரை வீணாக்காமல் எப்படி ஒளிச்சேர்க்கை செய்கின்றன? நான் இரண்டு பக்கம் எழுதி, படமும் போட்ட கேள்வி. சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. கற்றாழை, கள்ளி, அன்னாசி வகையறா அப்படிச் செய்வதில்லை. பகலில் திறந்தால் வெயில் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்று கதவை இழுத்து மூடிக்கொள்கின்றன. இரவில்தான் திறக்கின்றன. இரவெல்லாம் வாங்கிய வாயுவை அமிலமாக்கிச் சேமித்துவைக்கின்றன. விடிந்ததும் அந்த அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, வெயிலின் உதவியோடு சமைத்துக்கொள்கின்றன.

அதாவது, விடியற்காலையில் உச்சக்கட்டப் புளிப்பு. சாயங்காலம் புளிப்பெல்லாம் செலவாகி, வெறும் மென்மை.

நான் குனிந்து தலையில் அடித்துக்கொண்டேன். ரப்பர் மரத்துக்கு விடியற்காலைதான் சரி. குளிரில் மரத்துக்குள் அழுத்தம் நிறைய இருக்கும், பால் நன்றாக ஓடும். அந்தப் பழக்கத்தில் மூன்று பெண்கள் கற்றாழையையும் இருட்டில் போய் வெட்டினார்கள். நான் சோம்பேறித்தனத்தால் சாயங்காலம் வெட்டினேன். இவ்வளவுதான் விஷயம். ஊசியும் இல்லை, சதியும் இல்லை. இருந்தது, படித்ததைத் தேர்வு மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்த ஒரு பட்டதாரியும் அவளுடைய சந்தேகமும்தான். இதை வெளியே போய் எந்த முகத்தோடு சொல்வது? எனக்கு அழுகை வந்துவிட்டது. வயிறு அதற்கும் அவகாசம் கொடுக்கவில்லை.

ஒருவழியாக வெளியே வந்தபோது மதியம் தாண்டியிருந்தது. வந்த விருந்தாளியைப் பட்டினி போட அக்காவுக்கு மனம் வராமல், கோழிக்கறி சமைத்துப் போட்டிருந்தார். மிஸ் லிம் இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டிருந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டே, கற்றாழை இரவில் துளைகளைத் திறப்பதையும் பகலில் மூடுவதையும் அமிலத்தையும் முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் விளக்கினேன்.

யாரும் நம்பவில்லை.

"செடி பகல்ல மூக்க மூடிக்குதாம். ராவுல தொறக்குதாம்," என்று அக்கா தம்பியைப் பார்த்தார். "காலையில ஊசின்னா, இப்ப மூக்குங்குறா. ஒடம்புல தண்ணி வத்திருச்சு போல. கொஞ்சம் கஞ்சி குடு சேவியர்."

"சாயங்காலம் நாலு மணி வரைக்கும் இருங்கள்," என்று மிஸ் லிம்மிடம் கெஞ்சினேன். "ஒரே ஒரு மடலை வெட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். அதுவும் புளித்தால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு கோழிக்கறியைப் பார்த்தார். இருப்பதாகச் சொன்னார். நாட்டின் ஏற்றுமதியை அன்று காப்பாற்றியது என் படிப்பல்ல, அந்தக் கோழிக்கறிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நாலு மணிக்கு எல்லாரும் நிலத்தில் கூடினோம். அக்கா சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, இரண்டு உள்ளங்கைகளையும் எல்லார் மூக்குக்கும் நேராக ஒரு சுற்று நீட்டிக் காட்டினார். என் மூக்குக்கு நேராக மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருந்தார். காலையில் நான் கடித்துவைத்த அதே செடியிலிருந்து இன்னொரு மடலை வெட்டி, பாலை வடித்து, சீவிக் கொடுத்தார். மிஸ் லிம் வாயில் போட்டு மெதுவாக மென்றார். என் வங்கி வேலை, அப்பாவிடம் சொல்லாத உண்மை, மேசைக் காலுக்கு அடியில் கிடந்த அட்டை எல்லாம் அந்த வாயில் மெல்லப்பட்டுக்கொண்டிருந்தன.

"இது முதல் போத்தல்," என்றார். "அதே சுவை."

காலை வாளியில் மிச்சமிருந்ததையும் ஒரு கரண்டி எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அவருக்கு விளங்கிவிட்டது. ஆர்டர் கொடுப்பதாகச் சொன்னார். ஆனால் இரண்டு நிபந்தனைகள். முதலாவது, நாலு மணிக்குப் பிறகுதான் வெட்ட வேண்டும். இரண்டாவதைச் சொல்லும்போது அவர் கை என்னைத் தாண்டி அக்காவைக் காட்டியது.

"தரத்துக்கு இவர்தான் பொறுப்பு. இவர் சரி என்று சொன்ன சரக்கைத்தான் எடுப்பேன். நீங்கள் எதைப் பார்த்தாலும் எலுமிச்சை என்பீர்கள் லா."

இதைச் சேவியர் மொழிபெயர்த்துச் சொன்னபோது அக்கா சிரிக்கக்கூட இல்லை.

"நாலு மணி வெயிலு மண்டையப் பொளக்கும். என்னால முடியாது," என்றார். எனக்கு உயிர் போய் வந்தது.

"அக்கா, நான் பேசுனது தப்பு. ரொம்பத் தப்பு. என்னய மன்னிச்சிருங்கக்கா," என்றேன். மனதாரத்தான் கேட்டேன். கண்ணீர் சொட்டியது.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். அழுவது நிஜமா நடிப்பா என்று அவர் யோசித்தது எனக்கே தெரிந்தது. என்னிடமிருந்து தொற்றிக்கொண்டதோ என்னவோ.

"மன்னிக்கிறது ஃபாதர் வேல," என்றார். "நான் வெயில்ல நிக்கணும்னா நீயும் வந்து நில்லு. நாளைலேருந்து நீயும் ஒரு நெர புடி."

அப்படித்தான் ஏற்றுமதி இயக்குநர் வெட்டுக்காரி ஆனாள். இன்றுவரை வாரத்தில் மூன்று நாள், கொளுத்தும் வெயிலில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு நிரை பிடிக்கிறேன். எங்கள் கற்றாழை கடல் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. என் முகம் இரண்டு நிறமாகிவிட்டது. அப்பாவிடம் கடைசியில் உண்மையைச் சொன்னேன். அவர் ஆர்டர் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அசல்தானா என்று பார்த்தார்.

குடும்பத்தில் மட்டும் அந்த நாள் ஆறவே இல்லை. கல்யாணப் பந்தியில் ரசம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால், மாங்காய் புளித்தால், தயிர் புளித்தால், எவராவது ஒருவர் இலையிலிருந்து நிமிர்ந்து, "யாருப்பா ஊசி போட்டது?" என்று கேட்பார். மொத்தப் பந்தியும் என் பக்கம் திரும்பும். சேவியரின் தங்கை மகனுக்குத் தடுப்பூசி போடப் போனபோது, என்னைப் பார்த்ததும், "மாமி வாராங்க, ஊசிய ஒளிச்சு வைங்க," என்று அவனே நர்ஸிடம் சொல்லும் அளவுக்குக் கதை அவர்கள் இருக்கும் கமுந்திங் வரை பரவிவிட்டது.

பிலோமினா அக்காவுக்கு மறந்தது போலத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் சரக்கை மூடி முத்திரை வைப்பதற்கு முன், குவியலிலிருந்து ஒரு மடலை எடுத்து என் முன்னால் நீட்டுவார்.

"படிச்ச புள்ள, நல்லாப் பாத்துக்க. ஓட்ட கீட்ட இல்லியே?"

இரண்டு தோழிகளும் வாயைப் பொத்திக்கொள்வார்கள். நானும் சிரித்துக்கொண்டே மடலைக் கையில் வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, ஓட்டை இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பேன். விளையாட்டுக்குத்தான் பார்க்கிறேன் என்று அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் நிஜமாகவே பார்க்கிறேன்.